சும்மா வந்தவர்களின் வரிசை

இளங்கோ,

நலமா என்று கேட்கப் போவதில்லை. காலையில் போனில் கேட்டாயிற்று, நீயும் "ம்" என்றாயிற்று. சாப்பிட்டாயா என்றதற்கும் "ம்". ஹாஸ்டலில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்றதற்கும் அதே "ம்". ஒரே எழுத்தில் இத்தனை பதில் சொல்லும் பிள்ளையைப் பெற்ற புண்ணியவதி நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நடுவில் "அம்மா, கூப்பிடறாங்க" என்று நீ வைத்துவிட முடியாது. இதை ஒளித்துவைத்துப் படிக்கவும் வேண்டாம். உன்னோடு அந்த ஹாஸ்டலில் தங்கி மேற்படிப்புப் படிக்கிறவர்களில் பலபேர் எங்கேயோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு வந்தவர்கள்தான். அவர்களுக்கும் படிக்கக் கொடு. அவர்களுடைய அம்மாக்கள் என்னைப் போல வாயாடிகளாக இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன்.

நீ திருநெல்வேலிக்குக் கிளம்பிப் போன பிறகு மணிமங்கலத்து வீட்டில் சத்தமே இல்லை. நீ இருந்தபோதும் கடைசி ஒரு வருஷமாகப் பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, வாயைத் திறந்ததே சாப்பிடத்தான். ஆனாலும் ஆள் இருந்து பேசாமல் இருப்பது வேறு, ஆளே இல்லாமல் இருப்பது வேறு. உன் அப்பா சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் உன் பைக்கைத் துடைக்கிறார். யாரும் ஓட்டாத வண்டியில் தூசி எங்கிருந்து வரும் என்று கேட்டால், "ஒரகடம் லாரித் தூசி, ஓட்டினாலும் வரும், ஓட்டலன்னாலும் வரும்" என்கிறார். துடைத்துவிட்டு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கிறார், பேட்டரிக்கு நல்லதாம். அந்தச் சத்தம் கேட்டதும் நான் தோசைக்கல்லைப் போட எழுந்துவிடுகிறேன். பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். மனசு உன்னைத் தேடுகிறது, இளங்கோ. அதை மூடி மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

உன் நண்பர்களுக்காக என் உத்தியோகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சுகாதாரத் துறை அலுவலகம் ஒன்றில் நான் கண்காணிப்பாளர். பெயர்தான் பெரிது. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் போட்டு எந்த டாக்டர் வந்தார், யாருக்கு லீவு, யார் பயிற்சிக்குப் போயிருக்கிறார், எங்கே யாருமே இல்லை என்று கேட்பதுதான் வேலை. பிறகு இரண்டு டாக்டர் இருக்கிற இடத்திலிருந்து ஒருவரைப் பிடுங்கி, ஒருவரும் இல்லாத இடத்துக்கு அனுப்ப அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இதற்கு டெபுடேஷன் என்று பெயர். என் எண்ணைப் பார்த்தாலே டாக்டர்கள் போனை எடுக்க மாட்டார்கள். ஒரு டாக்டரம்மா தன் மாமியாரை விட்டு எடுக்கச் சொன்னாள். "அவ குளிச்சிகினு கீறாம்மா" என்றார் அந்தப் பெரியம்மா. சாயங்காலம் வரைக்கும் குளித்தாள். நீ வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு வசதி வந்தது. என்னிடமிருந்து தப்பிக்க முடியாத ஒரு டாக்டர், அதுவும் என் வீட்டிலேயே. "அம்மா, சாம்பார்ல உப்பு இல்ல" என்று நீ சொன்னால், "இருக்கட்டும், நாளைக்கு நீ வேற இடத்துக்குப் போகணும், அங்க ஆள் இல்ல" என்பேன். அப்படித்தான் நாம் பேசிக்கொண்டோம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நீ வேலை பார்த்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்களுக்கு முன்னால் என் அதிகாரி வருவார். ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற ஊர், அவ்வளவு போதும். காகிதத்தில் அது சின்னக் கிராமம். மக்கள்தொகை கணக்கெடுக்க வந்தபோது வீட்டு வாசலில் நின்று பெயர் சொன்னவர்கள் மட்டும்தான் அந்தக் காகிதத்தில் இருக்கிறார்கள். பிறகு கம்பெனிகள் வந்தன. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் எல்லாம் வரிசையாக வாடகை ரூம்கள் எழுந்தன. தென்காசியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்கள் வந்தார்கள். ஒருவன் ஷிப்ட் முடிந்து வரும்போது இன்னொருவன் அதே பாயிலிருந்து எழுந்து போகிறான். அவர்களுக்கும் காய்ச்சல் வருகிறது. கம்பெனி கேட்டுக்கு உள்ளே மயங்கி விழுந்தால் தூக்கிப்போக வண்டி நிற்கிறது. ரூமில் விழுந்தால் நம் நிலையத்துக்குத்தான் வந்தாக வேண்டும். எந்த ஊருக்கு எத்தனை டாக்டர் என்று மேலே திட்டம் போடுகிறவர்கள் கண்ணில் இந்தப் பையன்கள் படுவதில்லை. நாங்கள் எழுதி அனுப்பினோம். அவர்கள் சொந்த ஊரில் கணக்கில் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. சொந்த ஊரில் கணக்கு, இங்கே காய்ச்சல். அன்றைக்கு ஆபீசில் நான் போட்ட சத்தத்தில் டீ கொண்டுவந்தவர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார்.

நிலையத்துக்கு எதிரே மெஸ் நடத்துகிற கஸ்தூரியை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரூம் பையன்களுக்குக் காலை டிபனும் ராத்திரிச் சோறும் அவள் கையால்தான். திட்டு வாங்காமல் அவளிடம் யாருக்கும் இட்லி கிடைக்காது. ஒருநாள் நான் ஆபீஸ் வேலையாக அங்கே வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மேடம், இங்க கீற ரெண்டு டாக்டர்ல ஒருத்தர தூக்கப் போறாங்களாமே?"

"கூட்டம் கம்மியா இருக்கிற இடத்துல ரெண்டாவது போஸ்ட்ட எடுத்து வேற இடத்துக்குக் குடுக்கலாம்னு ஒரு பேச்சு இருக்கும்மா. தினம் எவ்ளோ ஓ.பி. சீட்டு போடறாங்கன்னு பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க."

"கூட்டம் எங்கேர்ந்து மேடம் வரும்? இந்தப் பசங்க காய்ச்சல் அடிச்சாகூட லீவு போட மாட்டானுங்க. கடையில மாத்திரைய வாங்கி முழுங்கிட்டு லைனுக்கு ஓடிடுவானுங்க."

"அது எனக்குத் தெரியும் கஸ்தூரி. மேல இருக்கிறவங்களுக்குச் சீட்டுதான் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

சில நாள் கழித்து நீ முகம் சிவக்க வீட்டுக்கு வந்தாய். ஹெல்மெட்டை நாற்காலியில் எறிந்தாய். காலையில் நிலையத்தைத் திறக்கும்போதே தெரு வரைக்கும் வரிசை, உனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ தொற்றுநோய் வந்துவிட்டது என்று பயந்துகொண்டு ஒவ்வொருவராகப் பார்த்திருக்கிறாய். யாருக்கும் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு தென்காசிப் பையனை உட்காரவைத்து என்ன தொந்தரவு என்று அதட்டியதும் அவன், "தொந்தரவுலாம் ஒண்ணும் இல்ல சார். சீட்டு எடுத்துட்டு வந்தாத்தான் அக்கா இட்லி வைப்பாவளாம்" என்றானாம். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறிவிட்டது. நீ தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. "உங்க ஆபீஸ்தாம்மா இதுக்கெல்லாம் காரணம்" என்று கத்தினாய். ஆபீஸ் இல்லை, நான்தான் காரணம் என்று எனக்குத் தெரிந்தது. தோசை ஊற்றுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அவர்களை நீ விரட்டிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். நீ என் பிள்ளை, கோபம் எங்கே போகும்? ஆனால் நீ விரட்டவில்லை. சும்மா வந்தவன் ஆனாலும் கையை நீட்டச் சொல்லி ரத்த அழுத்தம் பார்க்காமல், இரண்டு கேள்வி கேட்காமல் யாரையும் வெளியே விடக்கூடாது என்று நர்ஸ் மேரி சிஸ்டரிடம் சொல்லிவிட்டாய். இட்லிக்காக வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்த பீகார்ப் பையன் ஒருவனுக்கு நாள்பட்ட இருமல், சளியைப் பரிசோதித்தால் காசநோய். தூங்கி எழுந்தால் தலை வலிக்கிறது, அது எல்லாருக்கும் வருவதுதானே என்றிருந்தவனுக்கு ரத்த அழுத்தம் எங்கேயோ நின்றது. இந்தக் கூட்டத்தைச் சேர்த்து அனுப்பிய கஸ்தூரியே ஒருநாள் கணக்குக்காக வந்து உட்கார்ந்தாள். "எனக்கின்னா, நான் கல்லு மாதிரி கீறேன்" என்றவளுக்குச் சர்க்கரை. மெஷின் ரிப்பேர் என்று உன்னிடம் சண்டை போட்டாள். அடுத்த மெஷினிலும் அதே எண் வந்ததும் அழுதாள். நீ எழுந்து போய் அவள் மெஸ்ஸிலேயே ஒரு டீ வாங்கி, சர்க்கரை போடாமல், அவள் கையில் கொடுத்தாயாம். மேரி சொன்னாள். நீ சொல்லவில்லை.

அந்த மாதங்கள்தான் எனக்கு இப்போது நினைவில் வந்து வந்து நிற்கின்றன. அப்போது நீ வீட்டுக்கு வந்ததும் பேச ஆரம்பிப்பாய். சாப்பிட்ட கை காய்ந்து போகும் வரைக்கும் பேசுவாய். இவனுக்கு இது, அவளுக்கு அது, இத்தனை நாளாக இவர்கள் எல்லாம் நோயோடு தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள் அம்மா, நமக்குத் தெரியவே இல்லை என்பாய். உன் அப்பாவுக்கு அதில் ஒன்றும் புரியாது, ஆனாலும் டி.வி.யை அணைத்துவிட்டுக் கேட்பார். டாக்டருக்குப் படித்தவன் டாக்டர் ஆவதைப் பார்க்க எல்லா அப்பா அம்மாவுக்கும் கொடுத்துவைப்பதில்லை. எங்களுக்குக் கொடுத்துவைத்தது. கொஞ்ச காலம்தான்.

போஸ்ட் தப்பியது. சீட்டுக் கணக்கைப் பார்த்து மேலே அசந்து போனார்கள், இரண்டாவது இடத்தை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவே வந்தது. ஊரில் கஸ்தூரி எல்லாருக்கும் கேசரி போட்டாள். ஆனால் அந்தக் கேசரி செரிப்பதற்குள் உன் கூட இருந்த டாக்டரம்மாவுக்கு மேற்படிப்பில் இடம் கிடைத்து அவள் போய்விட்டாள். போஸ்ட் இருந்தது, உட்கார ஆள் இல்லை. ஊர்க்காரர்கள் போஸ்ட்டைக் காப்பாற்றினால் டாக்டரைக் காப்பாற்றியதாக நினைத்துவிட்டார்கள். அது வேறு, இது வேறு என்று எனக்குத் தெரியும். என் மேஜைமேல் ஆள் இல்லாத போஸ்ட்டுகள்தான் நிறைய இருக்கின்றன. வருகிறவர்கள் மேற்படிப்பு என்கிற பஸ் வரும் வரைக்கும் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள், வந்ததும் ஏறிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இங்கேயே இருந்தால் வெறும் எம்.பி.பி.எஸ்.தானா என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள், பெண் பார்க்கப் போன இடத்தில் உன்னையும் கேட்டார்கள்.

அதன் பிறகு அந்த வரிசைக்கு நீ ஒருவன்தான். அதுவும் இப்போது சும்மா வந்தவர்களின் வரிசை இல்லை. நீயே அவர்களை நோயாளிகள் ஆக்கிவிட்டாய், மாதாமாதம் வந்து பார்க்கச் சொல்லியிருந்தாய், சொன்னபடி வந்தார்கள். மற்ற நிலையத்தில் ஆள் இல்லாதபோது நான் வேறு உன்னை அனுப்பினேன். அங்கே முடித்து இங்கே வந்தால் இங்கே காத்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் பேச்சு குறைந்தது. "ம்" ஆரம்பித்தது அப்போதுதான். என்னப்பா என்றால் "ஒண்ணும் இல்லம்மா, காலைலேர்ந்து பேசிகினே இருந்தேன், வாய் வலிக்குது" என்பாய். நுழைவுத்தேர்வு எழுதி, இடம் கிடைத்து, எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கிற படிப்பை நீ எடுத்தபோது எனக்கு ஆச்சரியம். உனக்கு மனிதர்களைப் பிடிக்குமே, இருட்டு அறையில் உட்கார்ந்து படத்தைப் பார்க்கிற வேலையை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். "அங்க யாரும் என்கிட்ட வந்து பேச மாட்டாங்கம்மா" என்றாய். அந்தப் பதிலை நான் இன்னும் விழுங்கவில்லை. உன்னை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊரே சேர்ந்து நின்றது, அந்தக் கூட்டத்தைத் தாங்க முடியாமல்தான் நீ போனாய். இதில் யாரைப் போய்த் திட்டுவது?

நீ கிளம்பிய அன்று அவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஷிப்டுக்குப் போக வேண்டிய பையன்கள்கூட யூனிஃபார்மோடு நின்றார்கள். கஸ்தூரி உன் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போ சார் வருவீங்க?" என்றாள். நீ கொஞ்சம் தயங்கி, "மூணு வருஷந்தான்க்கா, வந்துடுவேன்" என்றாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீ பொய் சொல்கிறவன் இல்லை. அந்த நிமிஷத்தில் உனக்கு வர வேண்டும்போல இருந்திருக்கும், வாயில் வந்துவிட்டது. ஆனால் அந்தப் படிப்பை முடித்தவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போடுவார்கள். ஸ்கேன் மெஷின் இல்லாத ஊரில் ஸ்கேன் டாக்டருக்கு என்ன வேலை? அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

வா என்று உன்னைக் கேட்க மாட்டேன். படி. நன்றாகப் படி. தூங்கு, நேரத்துக்குச் சாப்பிடு, அங்கே கிடைக்கிற தேங்காய்ப்பால் சொதி உனக்குப் பிடிக்கும், வாங்கிச் சாப்பிடு. ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டாலும் கேள், கேட்காவிட்டாலும் போ. நீ பார்க்கிற படத்துக்குச் சொந்தக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வாய் வலி போன பிறகு ஒருநாள் எழுந்து போய் அவரிடம் ஒரு வார்த்தை பேசு. அதற்குமேல் அவசரப்படாதே. நீ பழையபடி பேசுகிறவனாக ஆனால் எனக்குப் போதும், எந்த ஊரில் பேசினாலும் சரி.

இப்போது நான் போனில் சொல்லாததைச் சொல்கிறேன். உன் இடத்துக்கு ஆள் தேடுகிற வேலை யாருடையது? என்னுடையதுதான். இதுவரை கிடைக்கவில்லை. வாரத்தில் சில நாள் மட்டும் பக்கத்து நிலையத்து டாக்டரம்மாவைப் பிடித்து அனுப்புகிறேன். போன வாரம் மேரி போன் செய்தாள். "மேடம், டாக்டர் வராத நாள்லகூட எல்லாரும் வந்து சீட்டு கேக்கறாங்க. டாக்டர் இல்லன்னா பரவால்ல, சீட்டு மட்டும் குடுன்றாங்க. குடுக்கலன்னா கஸ்தூரி அக்கா சண்டைக்கு வராங்க" என்றாள். எதற்காம் என்று கேட்டேன். "சார் வர்றதுக்குள்ள போஸ்ட்ட தூக்கிட்டா அவரு எங்க குந்துவாருன்னு கேக்கறாங்க மேடம்."

இதை இப்படியே விடக்கூடாது என்று நேரில் போனேன். நீ வரப்போவதில்லை என்ற உண்மையைப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வருவதுதான் திட்டம். பஸ்ஸில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று கோர்த்துக்கொண்டே போனேன். அன்று டாக்டர் வராத நாள். ஆனாலும் வராந்தா பெஞ்ச் நிறைய ஆட்கள், கையில் சீட்டு, எதிரே பூட்டிய உன் அறை. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. கஸ்தூரி என்னைப் பார்த்ததும், "மேடமே வந்துட்டாங்க, மேடமுக்கு ஒரு சீட்டு போடு மேரி" என்று கத்தினாள். வேண்டாம் என்பதற்குள் மேரி போட்டுவிட்டாள். என்ன தொந்தரவு மேடம் என்று வேறு கேட்டாள். சும்மாதான் என்றேன். "சும்மா வந்தாலும் பி.பி. பாக்காம அனுப்பக் கூடாதுன்னு சார் சொல்லிட்டுப் போயிருக்காரு" என்று என் கையை இழுத்துக் கட்டினாள். ஒரு தடவை பார்த்தாள். கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தாள். "அதிகமாத்தான் இருக்கு மேடம். மாத்திரை டாக்டர்தான் எழுதணும். இன்னிக்கு டாக்டர்..." என்று ஆரம்பித்தவள், யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பயப்படாதே. டாக்டரம்மா வந்த நாளில் நானும் போய்க் காட்டினேன், மாத்திரை சாப்பிடுகிறேன், உப்பைக் குறைத்துவிட்டேன். சாம்பாரில் உப்பு இல்லை என்று இப்போது உன் அப்பா சொல்கிறார்.

ஆனால் அன்று நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கஸ்தூரி பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். "குந்துங்க மேடம். நம்ம டாக்டரு வந்துட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்று என் முதுகைத் தடவினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க புள்ள வருவாருல்ல?" என்று கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

வருவான் என்றேன். அவள் ஆபீசைக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன், இளங்கோ. அவள் கேட்டது உன் அம்மாவை.